லண்டன் போக வேண்டிய நாற்காலிகள்

சங்கரநயினார் மகள் கல்யாணத்துக்கு வந்த சனம் முச்சூடும் நின்றது. உட்கார ஒரு நாற்காலி இல்லை. செவல்குளத்துக்கே நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் சங்கரநயினார்தான்.

செவல்குளம் திருநெல்வேலிக்குத் தெற்கே. சின்ன ஊர். எங்களுக்குப் புத்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எடுத்துச் செலவழிக்கத்தான் மனசு வராது. அப்படியே புதுசாக வைத்திருக்கிறோம்.

நயினாருக்குப் பேச்சு குறைவு. "ம்", "சரி", "போ". இந்த மூன்றை வைத்தே வியாபாரம் நடத்தினார். கடைக்குப் பெயர் நயினார் பந்தல் ஸ்டோர். விலாசம் 17, கீழ ரத வீதி. கடைக்குப் பின்னால் கிட்டங்கி. அதற்குள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக பிளாஸ்டிக் நாற்காலி.

வேலைக்கு மூன்று பேர். கணக்கப்பிள்ளை குற்றாலிங்கம், சொன்னதைச் சொன்னபடி செய்வார். லாரி ஓட்டுகிற தளவாய், குற்றாலிங்கம் சொன்னதைச் சொன்னபடி செய்வான். கிட்டங்கி பார்க்கிற இசக்கியப்பன், தளவாய் என்ன செய்கிறான் என்று பார்த்து அதையே செய்வான். இந்த மூன்று பேரையும் வேலைக்குத் தேர்ந்தெடுத்தவர் நயினார். அவர் லட்சணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

மகள் கோமதியை பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற தெய்வகுமாருக்குப் பேசி முடித்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வேலாயுதம் சும்மா இருக்க மாட்டாமல் கேட்டார்:

"ஆமா, இத்தனை நாற்காலி. எது எங்க போயிருக்குன்னு எப்படிக் கணக்கு வைக்கிய?"

நயினார் வாயைத் திறப்பதற்குள் குற்றாலிங்கம் முந்திக்கொண்டார். "செவத்துல கரியால கோடு போட்டுக்கிடுவோம். திரும்பி வந்தா எச்சில் தொட்டு அழிச்சிருவோம்."

சம்பந்தி சிரித்தார். சம்பந்தி வீட்டார் எல்லோரும் சிரித்தார்கள். வேனிலேயே உட்கார்ந்திருந்த டிரைவருக்கு ஒருவர் போய்ச் சொல்லி, அவரும் சிரித்தார்.

நயினாருக்குக் காது மடல் சுட்டது. வாழ்நாளிலேயே நீளமான வாக்கியத்தை அன்றைக்குப் பேசினார்.

"அது பழசு. இனிமே எங்க கடையில மனுஷ புத்திக்கே வேலை கெடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்."

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுவாரமே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். கடையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார்கள். அதற்குள் நாற்காலிக் கணக்குக்கு ஒரு டேட்டாபேஸ். மெயிலில் 'ஆர்டர்' என்று ஒரு ஃபோல்டர். இரண்டுக்கும் நடுவில் மாப்பிள்ளை கோட் எழுதி முடிச்சுப் போட்டார்.

வேலை இதுதான். ஃபோல்டரில் ஒரு மெயில் விழுந்தால், அதில் முதலில் வருகிற எண் எதுவோ அதுதான் நாற்காலி எண்ணிக்கை. கடைசியில் இருக்கிற விலாசம் எதுவோ அங்கேதான் அனுப்ப வேண்டும். தேதி, நேரம் இருந்தால் அதுவும் சேர்ந்து டேட்டாபேஸில் தானாக ஏறும். மெஷின் ஒரு சீட்டு அச்சடித்துத் தரும். மெயில் போட்டவருக்கு 'உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்று பதிலும் தானாகப் போகும். 'ஆர்டர்' என்ற சொல் உள்ள மெயில் யாரும் தொடாமலே ஃபோல்டருக்குள் போய் விழும். மற்றதைக் கையால் தள்ள வேண்டும்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. இருபது நாற்காலியைத் துஷ்டி வீட்டுக்கென்று எப்போதும் தனியே வைத்திருப்பார்கள். சாவு சொல்லிக்கொண்டு வராது. மாப்பிள்ளை அதையும் கேட்டு ஏற்றிக்கொண்டார். மற்ற நாற்காலி எல்லாம் தீர்ந்த பிறகு வருகிற ஆர்டருக்குத்தான் அந்த இருபதில் கம்ப்யூட்டர் கை வைக்கும்.

கிளம்பும்போது மாப்பிள்ளை சொன்னார்:

"வாற மெயில் ஒண்ணைக்கூட விடாதீங்க, ஃபோல்டர்ல போட்டுருங்க. சீட்டுல என்ன இருக்கோ அதைத்தான் செய்யணும், நீங்களா மாத்தப்படாது. ஓடிக்கிட்டு இருக்கையில அணைச்சிராதீங்க, வயரையும் பிடுங்கிராதீங்க. கரண்ட் போனா மட்டும் பழையபடி கையால பாத்துக்கிடுங்க. ஏதாவது சந்தேகம் இருக்கா மாமா?"

"இல்ல மாப்ள," என்றார் நயினார். ஒரு வார்த்தை புரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் சந்தேகம் கேட்கிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கேட்டால், சொன்னது மண்டையில் ஏறவில்லை என்று ஆகிவிடும். அப்பனுக்கே ஏறவில்லை என்றால் மகளுக்கு என்ன ஏறும் என்று அங்கே பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஏற்கெனவே டிரைவர் வரைக்கும் சிரித்தாயிற்று.

மாப்பிள்ளை சொன்ன நாலையும் குற்றாலிங்கம் மறக்காமல் எழுதி வைத்தார். அதே சுவரில். கரியால்.

மறுநாள் முதல் மெயில் வந்தது. பாங்கிலிருந்து. '24 மணி நேரத்துக்குள் தங்கள் செல்போன் எண்ணைப் புதுப்பிக்கவும்' என்று போட்டு, கீழே பாங்கின் விலாசம்.

குற்றாலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது ஆர்டர் மெயிலா?"

"நாற்காலின்னு ஒரு வார்த்தை இல்லையே," என்றான் தளவாய்.

"ஆர்டர் மெயிலை விடாதீங்கன்னா மாப்ள சொன்னாரு? வாற மெயில் ஒண்ணைக்கூட விடாதீங்கன்னாரு. இது வந்துச்சா, வரலையா?"

"வந்துச்சு."

"அப்பம் தள்ள வேண்டியதுதான்."

தள்ளினார். மெஷின் கிர்ரென்று சத்தம் போட்டுச் சீட்டைத் துப்பியது. 24 நாற்காலி. பாங்க்.

தளவாய் கொண்டுபோய் இறக்கினான். மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை. மேலிடத்திலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் ஊர்க்காரர்கள் பாங்கில் உட்கார்ந்தார்கள். நயினார் பாங்குக்கே நாற்காலி வாடகைக்கு விடுகிறாராம் என்று பேச்சு பரவியது. நயினார் மறுக்கவில்லை. மறுத்தால் பேச வேண்டியிருக்கும்.

அடுத்தது மின்சார ஆபீஸ். 'காலை 9 மணி முதல் மாலை வரை பராமரிப்புப் பணிக்காக மின்தடை' என்று போட்டு, தேதியும் இருந்தது. கோமதியின் கல்யாணத் தேதிதான். கம்ப்யூட்டர் கல்யாணம் கச்சேரி என்றெல்லாம் பார்க்கவில்லை. அந்தத் தேதி காலையில் 9 நாற்காலி மின்சார ஆபீசுக்கு என்று சீட்டு கொடுத்தது. இசக்கியப்பன் ஒன்பது நாற்காலியை எண்ணி எடுத்துக் கயிறு போட்டுக் கட்டித் தனியே வைத்தான்.

அதற்கப்புறம் வந்தது லண்டன் மெயில்.

'வாழ்த்துகள். நீங்கள் 5,00,000 பவுண்டு பரிசு வென்றுள்ளீர்கள்' என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். கீழே லண்டனில் ஒரு தெரு. சீட்டு வந்தது. 5,00,000 நாற்காலி, லண்டன். துஷ்டி நாற்காலி தவிர, இப்போது கையிருப்பில் உள்ளது முழுவதும் ஒதுக்கப்பட்டது.

மூன்று பேரும் சீட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அஞ்சு லட்சம் நாற்காலின்னா பெரிய எடத்துக் கல்யாணமால்லா இருக்கும்," என்றான் இசக்கியப்பன்.

"நம்மகிட்ட அவ்வளவு இல்லையே."

"மொதல் நடைக்கு இருக்கதை அனுப்புவோம். பெறவு பாத்துக்கிடலாம்," என்றார் குற்றாலிங்கம். "தளவாய், லண்டன் எங்கிட்டுவே இருக்கு?"

"நாகர்கோவில் தாண்டித்தான் இருக்கணும்."

"கன்னியாகுமரியோட ரோடு முடிஞ்சிருதே."

"அப்பம் அதுக்கு முன்னாலயே எங்கயோ திரும்பணும்," என்றான் தளவாய். லாரிக்காரன் சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று மற்ற இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

வழி கேட்டுச் சொல்ல ஆள் கிடைக்கும் வரை நாற்காலிகளை அனுப்புவதில்லை என்றும், அதுவரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் முடிவாயிற்று. இசக்கியப்பன் ஒரு சாக்பீஸ் பெட்டி வாங்கி வந்து ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் 'லண்டன்' என்று எழுதினான். உட்காருகிறவர் முதுகு சாய்கிற பக்கம் எழுதினான். பின்பக்கம் எழுதினால் உட்காருகிறவருக்குத் தெரியாது என்று காரணம் சொன்னான். எழுதி முடித்துக் கிட்டங்கி மூலையில் அடுக்கி, சுற்றிலும் ஒரு கயிறு கட்டினான்.

நயினார் வந்து பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். லண்டனுக்கு நாற்காலி போகாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் கோட் மாப்பிள்ளை எழுதியது. மாப்பிள்ளை ஏதோ ஒரு கணக்கு வைத்துத்தான் செய்திருப்பார். அதுவும் அல்லாமல், தெரியாது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"சரி," என்றார்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது மாப்பிள்ளை போன் பண்ணினார்.

"மாமா, சிஸ்டம் எப்படி ஓடுது?"

"ஓடுது மாப்ள."

"நம்ம கல்யாணத்துக்கு நாற்காலியும் மெயில் மூலமாத்தான ஆர்டர் போட்டிருக்கீங்க?"

நயினாருக்கு அது தோன்றவே இல்லை. சொந்தக் கடை, சொந்த மகள், சொந்த நாற்காலி. "பின்னே?" என்றார்.

போனை வைத்ததும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் யார் எதை எழுதினாலும் முதலில் விலாசம் எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். நயினாரும் '17, கீழ ரத வீதி' என்று தொடங்கினார். பிறகு, மகள் கல்யாணத்துக்கு எழுநூறு நாற்காலி ஆர்டர், பிள்ளையார் கோயில் மைதானத்துப் பந்தலில் இறக்கவும் என்று மரியாதையாக எழுதினார். முடிவில் மறுபடியும் கடை விலாசம். கடையின் மெயிலிலிருந்து கடையின் மெயிலுக்கே அனுப்பினார். அவருக்கு இருந்தது அந்த ஒரு மெயில்தான்.

சீட்டு வந்தது. 17 நாற்காலி. இறக்க வேண்டிய இடம்: நயினார் பந்தல் ஸ்டோர்.

"நம்ம கடையில இருந்து நம்ம கடைக்கா?" என்றான் தளவாய்.

"சீட்டுல அப்படித்தான் இருக்கு. நீங்களா மாத்தப்படாதுன்னு செவத்துலயும் இருக்கு."

"வேற நாற்காலி இல்லையே. துஷ்டி நாற்காலிதான் கெடக்கு."

"கம்ப்யூட்டர் அதைத்தான் எடுக்கச் சொல்லுது."

ஏற்றினார்கள். இங்கே ஒரு சிக்கல் வந்தது. லாரி ஏற்கெனவே கடை வாசலில்தான் நிற்கிறது. போகாமல் எப்படிப் போய்ச் சேருவது? குற்றாலிங்கம் யோசித்து, நாலு ரத வீதியையும் ஒரு சுற்று வரச் சொன்னார். தளவாய் சுற்றி வந்து கடை வாசலில் ஹாரன் அடித்தான். இசக்கியப்பன் இறக்கி, எண்ணிப் பார்த்து, 'சரியாக வந்து சேர்ந்தது' என்று கையெழுத்துப் போட்டான். நாற்காலி கிட்டங்கிக்குள் வந்துவிட்டதால் குற்றாலிங்கம் அதை வரவில் ஏற்றினார்.

இதற்குள் கம்ப்யூட்டர் தன் மரியாதையைச் செய்தது. 'உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்று பதில் போட்டது. பதில் யாருக்குப் போகும்? மெயில் போட்டவருக்கு. மெயில் போட்டது கடை. பதில் கடைக்கே வந்தது. அதில் 'ஆர்டர்' என்ற சொல் இருந்தது. யாரும் தொடாமலே ஃபோல்டருக்குள் போய் விழுந்தது. மாப்பிள்ளை அந்தப் பதிலின் தலைப்பிலும் அடியிலும் கடை விலாசத்தை அழகாகப் போட்டு வைத்திருந்தார்.

சீட்டு வந்தது. 17 நாற்காலி. நயினார் பந்தல் ஸ்டோர்.

லாரி சுற்றியது. பதில் போயிற்று. பதில் வந்தது. சீட்டு வந்தது. லாரி சுற்றியது.

ஊரே கடை வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. "நயினார் கடையில என்னா ஓட்டம் பாத்தியா! லாரி நிக்க நேரமில்ல," என்றார்கள். தளவாய்க்குத் தலை சுற்றியது. கொஞ்சம் எதிர்ப்பக்கமாகவும் சுற்றிப் பார்த்தான். அது தேவலை என்றான்.

"இதை நிறுத்துவே," என்றார் நயினார்.

"எப்படி மொதலாளி? ஓடிக்கிட்டு இருக்கையில அணைக்கப்படாதுன்னு மாப்ள சொல்லியிருக்காவ. இது நிக்காம ஓடுது."

"வயரைப் பிடுங்கும்."

குற்றாலிங்கம் சுவரைக் காட்டினார்.

"மெயின் சுவிட்சு?"

"அது நாமளா அணைக்கறது மொதலாளி. கரண்ட் தானா போகணும். தானா போனா, பழையபடி கையால பாத்துக்கிடலாம். லண்டன் கயித்தையும் அவுத்துரலாம்."

நயினார் மனசுக்குள் தன்னைத் திட்டிக்கொண்டார். கரிக்கோடு என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கரிக்கோட்டுக்கு லண்டன் தெரியாது. திட்டி முடித்துவிட்டுப் போனை எடுத்தார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார்.

அதற்குள் சம்பந்தியே கூப்பிட்டார்.

"சம்பந்தி! உங்க கடையில எத்தனை ஆர்டருன்னு தெனமும் எம் பயலுக்கு மெயில்ல வந்துருமாமே. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல ஆர்டருன்னு சொல்லுதான்! நான் என்னமோ கரிக்கோடுன்னு நெனச்சுச் சிரிச்சிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க. எங்க சொந்தக்காரன் ஒருத்தன் விடாமச் சொல்லிட்டேன். உங்க ஏற்பாட்டைப் பாக்கணும்னே கூட ரெண்டு வேன் வருது."

நயினார் போனையும் வாயையும் மூடினார்.

குற்றாலிங்கம்தான் தைரியம் சொன்னார். "கவலைப்படாதீங்க மொதலாளி. கல்யாணத்தன்னைக்கு ஒம்பது மணிக்குக் கரண்டு போயிரும். மெயில்லயே போட்டிருக்காவ. போனதும் அஞ்சு நிமிசத்துல நாற்காலியைக் கொண்டாந்து இறக்கிருவோம்."

மகள் கல்யாணத்தில் எப்போது கரண்ட் போகும் என்று காத்திருந்த அப்பன் உலகத்திலேயே நயினார் ஒருவர்தான்.

கல்யாணத்தன்று பந்தல் பிரமாதம். தோரணம், வாழை மரம், ஃபேன், மைக் செட் எல்லாம் இருந்தது. நாற்காலி மட்டும் இல்லை. மாப்பிள்ளை முதலில் நாற்காலியை மட்டும்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். அதனால் மற்றதெல்லாம் தப்பித்தது.

வேன்கள் வந்தன. சம்பந்தி வீட்டார் இறங்கினார்கள். பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, இங்கும் அங்கும் பார்த்து, நின்றார்கள்.

நயினார் பெண்டாட்டி பிரம்மசக்தி அவரைத் தூணோரம் இழுத்தாள்.

"ஏங்க, நாற்காலி எங்க?"

"லண்டன்."

"எங்க?"

"லண்டன். ஒரு பெரிய ஆர்டர்."

"கடையில ஒரு லாரி நாற்காலி சுத்திக்கிட்டுக் கெடக்கே, அதையாவது கொண்டாரச் சொல்லுங்க!"

"அது துஷ்டி நாற்காலி."

பிரம்மசக்தி வாயில் கை வைத்தாள். "துஷ்டி வீட்டு நாற்காலியிலயா என் சம்பந்தியை உக்கார வைக்கப் போறிய? அதுக்கு அவுக நின்னுட்டே போகட்டும்."

பக்கத்தில் நின்ற சம்பந்தி காதில் லண்டன் மட்டும் விழுந்தது. முகம் விரிந்தது.

"லண்டனுக்கா சப்ளை!" திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கேட்டியளா, நம்ம சம்பந்தி நாற்காலியெல்லாம் லண்டனுக்குப் போகுதாம். அதான் இங்க இல்ல!"

கூட்டம் ஒரு நிமிஷம் பெருமையாக நின்றது. அதற்கப்புறம் வெறுமனே நின்றது.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி உண்டு. பொன்னம்மாள் என்று பெயர். தாயில்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவள். அவள் சொன்னால் மாப்பிள்ளை தட்ட மாட்டார். அவளுக்கு இரண்டு முழங்காலும் வலி.

"லண்டன்காரன் உக்காந்துக்கிடட்டும். நான் எங்க உக்கார?" என்றாள். "ஏல தெய்வகுமாரு, இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு உக்கார எடம் வரலன்னா மாலையைக் கழட்டி வச்சிட்டு வேன்ல வந்து ஏறு. வேன்லயாவது சீட்டு இருக்கு."

மாப்பிள்ளை மாலையில் கை வைத்தார். கோமதி அப்பாவைப் பார்த்தாள். நயினார் மேலே ஃபேனைப் பார்த்தார்.

ஒன்பது மணி ஆயிற்று. ஃபேன் ஓடியது.

ஒன்பது தாண்டியது. ஃபேன் ஜம்மென்று ஓடியது. எங்கள் ஊரில் அவ்வளவு நல்ல கரண்ட் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

நயினார் குற்றாலிங்கத்தைப் பிடித்தார். "கரண்ட் ஏன்வே போகல?"

"அதான் மொதலாளி விளங்கல. மெயில்ல ஒம்பதுன்னு தெளிவாத்தான் போட்டிருந்தாவ."

அப்போதுதான் தளவாய் லாரியை விட்டு இறங்கி வந்தான். ரெண்டு பக்கமும் ஆடிக்கொண்டு நடந்தான்.

"மின்சார ஆபீசுக்குக் காலம்பறவே ஒம்பது நாற்காலி எறக்கிட்டேன் மொதலாளி. சரியா ஒம்பது பேர் இருந்தாவ. ஆளுக்கு ஒண்ணு. எவ்வளவு சந்தோசமா உக்காந்தாவ தெரியுமா!"

நயினாருக்கு எல்லாம் விளங்கியது. வாழ்க்கையில் ஒரு விஷயம் முழுசாக விளங்கியது அதுதான் முதல் தடவை. குற்றாலிங்கத்தையும் தளவாயையும் கடைக்கு விரட்டிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

மின்சார ஆபீஸ் வேப்ப மரத்தடியில் ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுநாயகமாக லைன்மேன் சுடலையாண்டி. ஏணி சுவரில் சாய்ந்திருந்தது.

"வாங்க நயினார் அண்ணாச்சி. இன்னைக்குல்லா மக கல்யாணம்?"

"கரண்டை ஏன்வே நிறுத்தல?"

"நிறுத்தணும்தான். நாற்காலி வந்துச்சு. செத்த உக்காருவோம்னு உக்காந்தோம். எந்திரிக்க மனசு வரல. இத்தனை வருச சர்வீஸ்ல ஒருத்தரும் எங்களை உக்காருங்கன்னு சொன்னதில்ல பாத்துக்கிடுங்க."

"இப்பம் எந்திரியும்."

"சாயங்காலம் வரைக்கும் எங்களுக்குத்தான்னு சீட்டுல போட்டிருக்கே?"

நயினாருக்குப் பேச்சு வராது. கைதான் வரும். சுடலையாண்டிக்குப் பின்னால் போய் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே உருவாக உருவினார்.

சுடலையாண்டி தரையில் இருந்தார். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து பார்த்தார். ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தார். சரிப்படவில்லை.

"தரையில குண்டி வலிக்கி," என்றார். "சரி, சும்மா இருக்கதுக்கு வேலையாவது பாப்போம்."

ஏணியை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனார். டப் என்று ஒரு சத்தம்.

செவல்குளம் முழுவதும் ஃபேன் நின்றது. மைக் செட் பாதிப் பாட்டில் தொண்டை அடைத்தது. பந்தலில் "ஐயோ" என்று ஒரு பெருமூச்சு. கடையில் மட்டும் கைதட்டல். கம்ப்யூட்டர் இருண்டது. சீட்டு மெஷின் ஒரு சீட்டைப் பாதி துப்பிவிட்டு அப்படியே வாயில் வைத்துக்கொண்டு நின்றது.

"கரண்டு போயிட்டு!" என்று கத்தினார் குற்றாலிங்கம். "தானா போயிட்டு! அவுருல கயித்தை!"

லண்டன் கயிறு அவிழ்ந்தது. இசக்கியப்பன் ஏற்றினான். தளவாய் எடுத்தான். பழக்கதோஷத்தில் நாலு ரத வீதியையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பந்தலுக்கு வந்தான். வந்ததும் இசக்கியப்பன் முதல் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அத்தைக்குப் போட்டான்.

பொன்னம்மாள் உட்கார்ந்தாள். சாய்ந்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ம்," என்றாள். "லண்டனுக்குப் போற சாமான் நல்லாத்தான் இருக்கு. தாலியைக் கட்டுல."

மாப்பிள்ளை மாலையைச் சரி பண்ணிக்கொண்டு தாலி கட்டினார். மைக் இல்லாததால் மேளக்காரர் இரண்டு மடங்கு அடித்தார். ஊரில் எல்லோருக்கும் வேர்த்தது. வேர்த்ததால் சாக்பீஸ் நன்றாகப் பிடித்தது. சாப்பிட எழுந்தபோது சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவர் முதுகிலும் 'லண்டன்' இருந்தது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி இருந்தது. கல்யாண ஆல்பத்தில் பந்தி போட்டோவைப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும். வேன் டிரைவர் முதுகிலும் இருக்கிறது.

மறுநாள் மாப்பிள்ளை கடைக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். டேட்டாபேஸைத் திறந்தார். மேலிருந்து கீழே வரைக்கும் உருட்டிப் பார்த்தார்.

"மாமா, இது நிக்காமச் சுத்தியிருக்கே. பெரிய ஆளுங்களே இதுல திணறிப்போவாங்க. கோட்ல கை வைக்காம எப்படி நிறுத்துனீங்க?"

சந்தேகம் கேட்டது மாப்பிள்ளை. நயினார் அதைக் கொஞ்ச நேரம் அனுபவித்தார்.

"ஆளு இருக்கு," என்றார்.

மாப்பிள்ளை தான் எழுதிய கோட் முழுவதையும் திருத்திக் கொடுத்துவிட்டு, கோமதியைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டார். இப்போது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இருக்கிறது. எல்லாம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மக்கர் பண்ணும். வெளியூரிலிருந்து இன்ஜினியரை நாங்கள் கூப்பிடுவதில்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் நயினார் கடை நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டு ஆளைக் கூட்டிவருவோம். அவர் வந்து உட்காருவார். ஒரு காபி கொடுப்போம். காபியைக் குடித்துவிட்டு நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடுகிற நேரம் பார்த்து, பின்னால் போய் நாற்காலியை உருவிவிடுவோம். எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, யாரையும் ஒன்றும் சொல்லாமல் ஏணியை எடுத்துக்கொண்டு போவார். ஊர் முழுக்க இருண்டுவிடும். கம்ப்யூட்டர் சரியாகிவிடும்.

லைன்மேன் சுடலையாண்டி.